வழுவும் வழுவமைதியும்: மின்கிற்றாரின் 'ஃபஸ்' ஒலிக்கருவி வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கண மரபிலே வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று நிலைகள் பேசப்படுவதை மாணவர் யாவரும் அறிவர். விதிக்கு மாறுபட்டு நிற்பது வழு. விதியின்படி நிற்பது வழாநிலை. வழுவேயாயினும் ஒரு காரணம் பற்றிச் சான்றோரால் ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பின் மிகுதியால் ஒருவன் தன் பசுவைத் தாயென உயர்திணையாற் சுட்டுவானாயின் அது திணைவழு என ஒதுக்கப்படாது அமைத்துக்கொள்ளப்படும் என்பர் உரையாசிரியர். மொழிக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு மின்னியற் கருவியொன்றின் வரலாற்றுக்கும் பொருந்திவரக் காண்பது வியப்புக்குரியது. மின்கிற்றார் வாசிப்போர் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகளுள் மூத்தவற்றுள் ஒன்றான 'ஃபஸ்' பெட்டியே ஈண்டு நாம் கருதும் கருவியாகும். பழுதொன்று கருவியாக மாறிய வரலாறும், அக்கருவியைத் தாமே வீட்டில் ஆக்க முனைந்தோர் அதன் பழுதுகளோடு போராடிய வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தொழினுட்ப வரலாறு எழுதுவோர் புத்தாக்குநரின் பெயர்களையே பெரிதும் நிரற்படுத்துவர். பழுது பார்த்தோரை மறந்துவிடுவர். இக்கருவியைப் பொறுத்தவரை அவ்வாறு மறப்பது வரலாற்றையே பிழைபட எழுதுவதாக முடியும்.

முதற்கண் இக்கருவி செய்வது யாதெனச் சுருங்கக் கூறல் வேண்டும். கிற்றார் நரம்பின் அதிர்வு மின்னலையாக மாறி விரியலாக்கியை அடைகிறது. விரியலாக்கி தன் வலுவழங்கலின் எல்லைக்குட்பட்டே அவ்வலையைப் பெருக்க வல்லது. எல்லை மீறப்படும்போது அலையின் முடியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. வெட்டுண்ட அலையில், மூலச் சுரத்தின் மீடிறனுக்கு மடங்கான மீடிறன்களையுடைய பல தொனிகள் புதிதாகத் தோன்றுகின்றன. இரு புறமும் ஒத்த அளவில் வெட்டப்பட்டால் ஒற்றை மடங்குகளும், ஒரு புறம் மிகுதியாக வெட்டப்பட்டால் அவற்றோடு இரட்டை மடங்குகளும் எழும். ஒலி கரகரப்புடையதாய், நீண்டு ஒலிப்பதாய், கிற்றாரின் இயல்பிலிருந்து விலகி ஊதுகருவியின் சாயல் பெறுவதாய் அமைகிறது. விரியலாக்கி அமைக்கும் பொறியியலாளனுக்கு இது தவிர்க்கப்பட வேண்டிய வழு. அவனுடைய பயிற்சி முழுவதும் இதனைக் குறைப்பதற்கே பயன்படுகிறது.

இவ்வழு இசையுலகிற் புகுந்தமை பற்றிய முற்காலச் செய்திகள் பெரும்பாலும் வாய்மொழியாக வந்தவை. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஐக் ரேணரின் குழுவினர் மெம்பிஸ் நகரிலிருந்த சாம் பிலிப்ஸ் என்பாரின் பதிவுக்கூடத்தில் 'றொக்கற் 88' என்னும் பாடலைப் பதிவு செய்தனர். கிற்றார் வாசித்த வில்லி கிசாட்டின் விரியலாக்கி வழியிலே சேதமுற்றிருந்தது. அது வாகனத்தின் கூரையிலிருந்து விழுந்தது என்பது ஒரு கூற்று. மழையில் நனைந்தது என்பது மற்றொரு கூற்று. கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்பினுள் கடதாசி அடைத்துச் சமாளித்தனர் என்பதும், அதன் ஒலி இசைத்தட்டிலே பதிந்து நிற்கிறது என்பதும் மட்டும் உறுதி. 1956இல் ஜொனி பேணற் குழுவினர் நாஷ்வில் நகரிற் பதிவு செய்த பாடலொன்றின் கரகரப்பு, விரியலாக்கியின் வெற்றிடக் குழாயொன்று தளர்ந்திருந்தமையால் விளைந்தது என அக்குழுவின் போல் பேர்லிசன் பிற்காலத்திற் கூறினார். ஆயின் அப்பதிவிலே கிற்றார் வாசித்தவர் பேர்லிசன் அல்லர், நாஷ்வில்லின் கூலிக்கு வாசிக்கும் கலைஞரான கிறேடி மாட்டினே என வாதிடும் ஆய்வாளரும் உளர். சான்றுகளை ஒப்பிடாது ஒரு கதையை மட்டும் ஏற்பது இத்துறையில் இடருடையது.

1958இல் 'றம்பிள்' என்னும் வாத்திய இசையைப் பதிவு செய்த லிங்க் றே, தம் ஒலிபெருக்கிக் கூம்பினைப் பென்சிலாற் குத்தித் துளையிட்டார். 1964இல் இங்கிலாந்தின் 'கிங்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தம் சிறிய விரியலாக்கியின் கூம்பினைச் சவர அலகாற் கீறினார். முன்னைய இருவரும் பழுதினைச் சந்தித்தவர்கள். பின்னைய இருவரும் அதனைத் தேடிச் சென்றவர்கள். எனினும் துளையிட்ட கூம்பு மேலும் கிழியுமேயன்றி நேற்று ஒலித்தவாறே இன்றும் ஒலிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்விடத்திலேயே நாஷ்வில் நிகழ்ச்சி தனித்து நிற்கிறது. மார்ற்றி றொபின்ஸ் பாடி 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'டோன்ற் வொறி' என்னும் பாடலின் நடுவே ஆறு நரம்புகள் கொண்ட பாஸ் கிற்றாரிற் கிறேடி மாட்டின் ஒரு பகுதியை வாசித்தார். அவருடைய வாசிப்புச் சென்ற கலவை மேசைத் தடத்தின் மாற்றி பழுதடைந்திருந்தமையால், மென்மையான அப்பாடலின் இடையே தேனீக் கூட்டம் இரைவது போன்ற ஓசை எழுந்தது. பதிவுப் பொறியியலாளராக இருந்தவர் கிளென் சினொடி. முறைப்படி செய்யத்தக்கது அப்பகுதியை மீளப் பதிவு செய்தலேயாகும். அவ்வாறு செய்யப்படவில்லை, ஓசை அப்படியே விடப்பட்டது. பாடலோ நாட்டுப்புற இசைத் தரவரிசையில் முதலிடத்தையும் பொதுத் தரவரிசையில் மூன்றாமிடத்தையும் எய்தியது.

சினொடியின் செயலில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது அதன் பின்னர் நிகழ்ந்ததேயாகும். அவ்வொலியைப் பிறரும் விரும்பிக் கேட்கலாயினர். பாடகி நான்சி சினாத்ரா தம் பதிவொன்றுக்கு அதனை வேண்டியபோது, பழுதடைந்த உறுப்பு முற்றாகவே செயலிழந்துவிட்டது எனச் சினொடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அதாவது பழுதே பழுதாயிற்று. சாதாரண திருத்துநன் ஒருவன் ஒலி ஏன் கெட்டது என வினவுவான்; சினொடி கெட்ட ஒலியை எவ்வாறு மீளப் பெறுவது என வினவ வேண்டியவரானார். செத்த மாற்றியைச் சீர்செய்து பயனில்லை. அது செய்ததை வேறு வழியாற் செய்தல் வேண்டும். றெவிஸ் ஹொப்ஸ் என்னும் பொறியியலாளருடன் சேர்ந்து, திரான்சிற்றர்களைக் கொண்டு அலையை வேண்டுமென்றே வெட்டும் சுற்றொன்றை அவர் அமைத்தார். 1962 மே மாதம் இருவர் பெயரிலும் புத்தாக்க உரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1965 ஒக்ரோபரில் அது வழங்கப்பட்டது. கிப்சன் நிறுவனம் 'மயெஸ்ட்ரோ ஃபஸ்-ரோன்' என்னும் பெயரில் 1962இல் இதனைச் சந்தைக்கு விட்டது. மூன்று ஜேர்மானியத் திரான்சிற்றர்களும் ஒன்றரை வோல்ற் மின்கலங்கள் இரண்டும் கொண்ட, ஆப்பு வடிவான பெட்டி அது.

அதனை விற்க முயன்றோர் கூறிய நியாயம் சுவையானது. இதனால் கிற்றாரைக் கொண்டே ஊதுகருவிகளின் ஒலியையும் வில்லிசைக் கருவிகளின் ஒலியையும் எழுப்பலாம் என்றனர். ஒலி சிதைகிறது என்று வெளிப்படையாகக் கூற வணிகர்க்கு மனம் வரவில்லை போலும். கடைகளுக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்ட பெட்டிகள் வாங்குவோரின்றித் தேங்கின. அடுத்த இரண்டாண்டுகளிற் புதிய கொள்வனவு ஏறக்குறைய நின்றே போயிற்று. 1965 மே மாதத்தில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கீத் றிச்சாட்ஸ் 'சற்றிஸ்ஃபாக்ஷன்' பாடலுக்கு ஃபஸ்-ரோனைப் பயன்படுத்தினார். அவரும் ஊதுகருவியாளர் பின்னர் வாசிக்க வேண்டிய பகுதிக்கு ஒரு மாதிரியாகவே அதனைப் பதிவு செய்தார். மாதிரியே இறுதி வடிவமாக வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் தேங்கிக் கிடந்த பெட்டிகள் யாவும் விற்றுத் தீர்ந்தன.

அதே ஆண்டு 'யாட்பேட்ஸ்' குழுவினர் வெளியிட்ட பாடலொன்றும் நமது கவனத்துக்குரியது. 'ஹாட் ஃபுல் ஒஃப் சோல்' என்னும் அப்பாடலின் முகப்பிசைக்குச் சித்தார் வாசிப்பவர் ஒருவரே முதலில் அழைக்கப்பட்டார். அவ்வொலி பாடலுக்கு வேண்டிய கூர்மையுடன் அமையாமையால், ஜெஃப் பெக் அதே இசையைக் கிற்றாரில் ஃபஸ் ஒலியுடன் வாசித்தார். சித்தாரின் வளைந்த பாலத்தில் நரம்பு உராய்ந்து எழுப்பும் இரைச்சலும், நம் தம்புராவின் பாலத்தில் இடப்படும் சீவாளி நூலால் எழும் நாதமும் மேற்றொனிச் செழுமையையே நாடுவன. தூய தொனியே சிறந்த தொனி என்னும் கொள்கை எல்லா இசை மரபுகளுக்கும் பொதுவானதன்று.

இலண்டனில் 1965இல் கரி ஹேஸ்ற் என்பவர் ஃபஸ்-ரோனைத் தழுவி, மூன்று வோல்ற்றுக்குப் பதிலாக ஒன்பது வோல்ற் வலுவழங்கலுடன் 'ரோன் பெண்டர்' என்னும் கருவியைச் செய்தார். 1966இல் ஆபிற்றர் நிறுவனம் 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் வட்டமான பெட்டியை வெளியிட்டது. ஒலிவாங்கித் தாங்கியின் அடித்தட்டே அவ்வடிவத்துக்குத் தூண்டுதலாயிற்று. வீட்டில் ஆக்குவோர் வரலாற்றில் இதற்குள்ள இடம் பெரிது. ஏனெனில் இதன் சுற்றில் இரண்டு திரான்சிற்றர்கள், நான்கு தடையிகள், மூன்று கொள்ளளவிகள், இரண்டு மாறுந் தடையிகள் என மொத்தம் பதினொரு உறுப்புகளே உள. ஒரு தபாலட்டையின் பின்புறத்தில் வரைந்துவிடலாம். பற்றாசுக்கோல் ஒன்றும் ஒரு மாலைப்பொழுதும் உடைய எவரும் இதனை ஆக்கலாம் என்னும் எண்ணம் பரவியதற்கு இவ்வெளிமையே காரணம். அவ்வாறு ஆக்கியோருட் பலர் ஏமாற்றமுற்றமைக்கும் அதுவே காரணம்.

ஏமாற்றத்தின் வேர் ஜேர்மானியத்தில் உள்ளது. ஃபஸ் ஃபேஸ் கருவியிலே தொடக்கத்தில் 'என்.கே.ரி. 275' என்னும் ஜேர்மானியத் திரான்சிற்றர் பயன்பட்டது. ஒரே எண் பொறித்த இரு திரான்சிற்றர்களின் ஓட்ட நயம் ஒன்றில் ஐம்பதாகவும் மற்றொன்றில் இருநூறாகவும் இருத்தல் கூடும். அன்றியும் அடிக்கு மின்னோட்டமே வழங்காதபோதும் சேகரிப்பானிலிருந்து காலிக்கு ஒரு சிறு மின்னோட்டம் பொசிந்துகொண்டிருக்கும். இப்பொசிவு ஏறத்தாழப் பத்துப் பாகை செல்சியசு வெப்ப உயர்வுக்கு இருமடங்காகும். பெரிய சுற்றொன்றிலே இக்குறையை ஈடுசெய்யும் உறுப்புகள் உண்டு. பதினொரு உறுப்புகளே கொண்ட சுற்றிலே ஈடுசெய்வதற்கு யாதுமில்லை. எனவே ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் செய்யப்பட்ட இரு பெட்டிகளுள் ஒன்று தேனாகவும் மற்றொன்று இருமலாகவும் ஒலித்தன. ஜிமி ஹென்றிக்ஸ் பல பெட்டிகளை மிதித்துப் பார்த்துத் தமக்கேற்றதைத் தெரிவு செய்வார் என அவரோடு பழகியோர் கூறியுள்ளனர்.

இருமலின் காரணத்தை அளந்தறியும் முறை பொதுமக்கள் கைக்கு வந்தது மிகப் பிந்தியே. ஆர். ஜி. கீன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1990களின் பிற்பகுதியில் ஃபஸ் ஃபேஸ் பற்றி எழுதியவை இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். அவர் விளக்கிய சோதனை எவரும் செய்யத்தக்கது. ஒன்பது வோல்ற் மின்கலத்துடன் திரான்சிற்றரை இணைத்து, சேகரிப்பானில் ஏறத்தாழ 2.47 கிலோஓம் தடையி ஒன்றை வைத்து, அதன் குறுக்கேயுள்ள அழுத்தத்தை முதலில் அடி திறந்த நிலையில் அளக்க வேண்டும். இது பொசிவினைக் காட்டும். பின்னர் 2.2 மெகாஓம் தடையியூடாக அடிக்கு நான்கு மைக்குரோ அம்பியர் அளவு வழங்கி மீண்டும் அளக்க வேண்டும். இரு வாசிப்புகளின் வேறுபாட்டை நூறாற் பெருக்க உண்மையான நயம் கிடைக்கும். முதல் வாசிப்பு 0.5 வோல்ற், இரண்டாவது 1.3 வோல்ற் எனக் கொள்வோம். உண்மை நயம் 80. பொசிவினைக் கழியாது கணிப்பவன் அதனை 130 என மயங்குவான். சாதாரண பல்மானியின் திரான்சிற்றர்ச் சோதனைத் துளை இம்மயக்கத்தையே தருகிறது. முதலாந் திரான்சிற்றருக்கு எழுபது எண்பது அளவிலும், இரண்டாவதற்கு நூற்றிருபதையொட்டியும் நயம் இருத்தல் நன்று என்பதும், இரண்டாவதன் சேகரிப்பானில் நாலரை வோல்ற் அளவு நிற்றல் வேண்டும் என்பதும் வீட்டில் ஆக்குவோர் இன்று பரவலாகப் பின்பற்றும் நியமங்கள்.

பழுதுபார்க்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. கருவி ஊமையாயின் எங்கே ஊமையாயிற்று எனக் காண்பதற்கு, கொள்ளளவியொன்றை முனையிற் கொண்ட கம்பியை வேறொரு விரியலாக்கியில் இணைத்து, உள்ளீட்டிலிருந்து வெளியீடு வரை ஒவ்வொரு சந்தியாகத் தொட்டு ஒலியைப் பின்தொடர்வர். ஒலி கேட்ட கடைசிச் சந்திக்கும் கேளாத முதற் சந்திக்கும் இடையிலேயே பழுது உளது. இம்முறை வானொலி திருத்துநரின் சொத்து; ஜோன் றைடர் என்னும் அமெரிக்கர் 1939இல் இதனை விரித்து ஒரு நூலே எழுதினார். அவருடைய வாசகர் சிதைவினைக் களைவதற்காகக் கற்ற முறையைச் சிதைவினை விளைப்பதற்காகப் பின்வந்தோர் கைக்கொண்டனர். 1975இல் கிறெய்க் அண்டர்ற்றன் இசைக்கலைஞர்க்கென எழுதிய மின்னணுச் செய்முறை நூல், பற்றாசிடலையே அறியாதாரையும் இத்துறைக்குள் ஈர்த்தது.

வீட்டிலாக்கிய கருவிகளுட் புகழ்மிக்கது ஒன்று ஃபஸ் பெட்டியன்று, ஆயினும் இங்கு விடத்தக்கதன்று. இலண்டன் செல்சீ கல்லூரியில் மின்னணுவியல் பயின்று 1971இற் பட்டம் பெற்ற ஜோன் டீக்கன், 'குயீன்' குழுவின் பாஸ் கிற்றார்க் கலைஞராக இருந்தவர். வீதியோரக் குப்பையிற் கிடந்த சுற்றுப்பலகையொன்றை 1972ஐ ஒட்டி எடுத்து, பழைய ஒலிபெருக்கிப் பெட்டியொன்றினுட் பொருத்தி, ஒன்பது வோல்ற் மின்கலத்தால் இயங்கும் சிறு விரியலாக்கியை அவர் ஆக்கினார். அதன் திரான்சிற்றர்களும் ஜேர்மானியத்தாலானவையே. 1975இல் வெளிவந்த அக்குழுவின் இசைத்தட்டிலே பிரையன் மே கிற்றாரால் ஓர் ஊதுகருவிக் குழுவையே போலச் செய்தது இதனூடாகத்தான். ஃபஸ்-ரோன் விற்றவர்கள் 1962இற் கூறிய வாக்கு ஒருவாறு இங்கே நிறைவேறியது. பிற்காலத்தில் அதன் பிரதியை ஆக்க முற்பட்டோர் அப்பலகை எவ்வானொலிக்குரியது என்பதை முயன்று கண்டறிந்தனர். டீக்கனோ அதனைத் திருத்தியமைத்தாரல்லர். கேட்டு, நன்றெனக் கண்டு, அப்படியே விட்டார்.

1960களின் முடிவில் ஃபஸ் ஃபேஸ் சிலிக்கன் திரான்சிற்றர்களுக்கு மாறியது. சிலிக்கனிற் பொசிவு கருதத்தக்கதன்று. வெப்பம் அதனை வருத்துவதில்லை. எனினும் அதன் மிகுந்த நயத்தால் இரைச்சலும், வேண்டாத வானொலி நிலையங்களின் குரலும் பெட்டியினுட் புகுந்தன. ஒரு வழுவை நீக்கியோர் வேறொன்றைப் பெற்றனர். பலர் ஜேர்மானியத்துக்கே மீண்டனர். ஆனால் அதற்குள் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அதன் உற்பத்தியைக் கைவிட்டிருந்தன. எஞ்சியவை பழைய களஞ்சியங்களிலும் செத்த வானொலிகளிலும் கிடந்தவையே.

இக்கட்டுரையாளனும் அத்தகைய வானொலியொன்றிலிருந்து கழற்றிய 'ஏ.சி. 128' திரான்சிற்றர்கள் இரண்டைக் கொண்டு மாணவப் பருவத்திற் பேராதனை விடுதியறையில் ஒரு பெட்டி செய்ததுண்டு. அங்கே அது குறைவின்றி ஒலித்தது. சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணம் கொண்டு சென்றபோது, நண்பகலில் ஒவ்வொரு சுரமும் பாதியில் வெட்டுண்டு விழுந்தது. மின்கலத்தை மாற்றியும், பற்றாசுப் புள்ளிகளை மீளச் சூடாக்கியும், கொள்ளளவிகளைக் குற்றஞ்சாட்டி மூன்றையும் மாற்றியும் பயனில்லை. இரவு பத்து மணிக்கு அது தானே குணமாயிற்று. மாற்றிய கொள்ளளவியே காரணமென மகிழ்ந்து உறங்கியதும் மறுநாட் பகல் மீண்டும் அதே இருமல். இரண்டு நாட் கழித்தே வெயிலின்மேல் ஐயம் விழுந்தது. பொலித்தீன் பையிற் பொதிந்த பனிக்கட்டித் துண்டொன்றை முதலாந் திரான்சிற்றர்மேல் வைத்தபோது ஒலி திரும்பியது. இரண்டாவதன்மேல் வைத்தபோது பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. மலைநாட்டுக்கும் குடாநாட்டுக்கும் இடையிலான ஏறத்தாழப் பத்துப் பாகையே பொசிவினை இருமடங்காக்கிச் சுற்றின் நிலைப்புள்ளியை இடம்பெயர்த்திருந்தது. நாலரை வோல்ற் நிற்க வேண்டிய சந்தியில் அது நிற்கவில்லை. அச்சந்தியை முதல் நாளே அளந்திருந்தால் மூன்று கொள்ளளவிகள் மிஞ்சியிருக்கும்.

முதலாந் திரான்சிற்றருக்குப் பதிலாகப் பொசிவு குறைந்த வேறொன்று இடப்பட்டது. பெட்டி இன்றும் இரு ஊர்களிலும் ஒலிக்கிறது. கழற்றப்பட்டதை எறிந்துவிட மனம் வரவில்லை. அதன் மூன்று கால்களும் வளையாதபடி பஞ்சு வைத்து ஒரு தீப்பெட்டியில் இட்டு, மேலே பென்சிலால் அதன் பொசிவின் அளவையும், 'மலைநாட்டுக்கு நன்று' என்பதையும் எழுதி வைத்துள்ளேன்.